புகை வந்த திசை

யானை நீந்துறதைப் பார்க்கத்தான் போனோம். வரலாறு எழுதுகிற எண்ணமெல்லாம் யாருக்கும் இருக்கவில்லை. தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதைப் படகிலிருந்தே பார்க்கக்கூடிய இடம் கல்லோயா தேசியப் பூங்கா என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். கல்முனையிலிருந்து வேனில் ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் ஒருத்தர்கூட அதுவரை அங்கே போனதில்லை. இது கொஞ்சம் வெட்கமான விசயம்தான். ஆகவே ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுபஹைத் தொழுதுவிட்டு, ஒன்பது பேர் ஒரு வேனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

சம்மாந்துறை, மல்வத்தை, அம்பாறை, பிறகு இங்கினியாகல. சம்மாந்துறை வட்டைகளில் வேளாண்மை பழுத்துக் கிடந்தது, சில கண்டங்களில் வெட்டு முடிந்திருந்தது. அம்பாறையைத் தாண்டும்போதே மேற்கே வானம் ஒரு மாதிரிப் பழுப்பாக இருந்தது. காலைப் பனி என்று நினைத்தோம். ஓகஸ்ட் மாதத்தில், கச்சான் அடிக்கிற நாளில் என்ன பனி எண்டு ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அணைக்கட்டில் ஏறி நின்றபோதுதான் விளங்கியது. சேனநாயக்க சமுத்திரம் எங்கள் முன்னால் கிடந்தது, ஆனால் அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. படத்தில் பார்த்த மலைகள் இல்லை. தண்ணீர் கொஞ்சத் தூரம் போய்ச் சாம்பல் நிறத்துக்குள் கரைந்துவிட்டது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது, பழைய செப்புக் காசு மாதிரி. தொண்டையில் கரகரப்பு. எங்களில் ஒருத்திக்கு முட்டு வருத்தம். அவள் கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்றைப் பையிலிருந்து தேடியெடுத்துப் போட்டுக்கொண்டாள். படகில் ஏறினோம். கொடுத்த காசு வீணாகிவிட்டதே என்ற கவலைதான் எல்லார் மனதிலும்.

மேற்கே நில்கல பக்கம் புல்வெளிகள் எரிகின்றன, அது ஒவ்வொரு வருசமும் எரியும் என்று அங்கே சொன்னார்கள். சொன்ன விதத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்கள்.

உடனே படகுக்குள் ஒரு விசாரணை தொடங்கிவிட்டது. யார் வைக்கிறது இந்த நெருப்பை? ஒருத்தன் வேட்டைக்காரன் என்றான். ஒருத்தி மாட்டுக்காரர் என்றாள். இன்னொருத்தன் வேடர்கள் என்றான். வேனுக்குள் நாங்கள் பேசிக்கொள்கிற மற்றக் காரணமும் வந்தது, அதை இங்கே எழுதவில்லை. எல்லாருடைய பதிலிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: 'அவங்கள்'. நெருப்பு வைக்கிறது அவங்கள், புகை வாங்குறது நாங்கள். வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த 'அவங்கள்' எவ்வளவு புதுச் சொல் என்று தெரிந்தது.

*

முதலில் காற்று. கச்சானைப் பற்றி எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வைகாசி கழிய மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும், ஆவணி வரைக்கும் விடாது. உதடு வெடிக்கும், தலையிடிக்கும், காயப்போட்ட சாரன் அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். (சின்ன வயதில் எங்களில் பாதிப்பேர் இதற்கும் கச்சான் கடலைக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று நம்பியிருந்தோம்.) தென்மேல் பருவக்காற்று தன்னிடமிருந்த மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. பிறகு ஊவா மலைகளைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கக் காற்று அமுங்கிச் சூடாகிறது, ஈரம் இன்னும் குறைகிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வாழ்கிற சனங்களும் இதே வகைக் காற்றைத் திட்டிக்கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள்.

கல்லோயாவும் அதே வழியால்தான் வருகிறது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில் பஸ்ஸில் போகும்போது நாங்கள் தாண்டுகிற களியோடை, அந்த ஆற்றின் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற கிளை. ஆறும் காற்றும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. ஆற்றை அணை போட்டு மறித்தாயிற்று. காற்றை யாராலும் மறிக்க முடியவில்லை. அதனால்தான் ஆவணியில் எங்கள் மூக்குக்கு நில்கல எட்டுகிறது.

நில்கல அடர்ந்த காடு இல்லை. இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயர மானாப்புல், அதற்கு நடுவில் தள்ளித்தள்ளி மரங்கள். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் அங்கே நிறைய உண்டு. மூன்றையும் சேர்த்தால் திரிபலா, நாட்டு வைத்தியத்தின் அடிப்படை மருந்து. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட, வைத்தியனாகவும் பேர்பெற்ற புத்ததாச மன்னனின் மூலிகைத் தோட்டம் இது என்பது அந்தப் பக்கத்து ஐதீகம். அங்கே நிற்கிற மரங்களில் பல, தடித்த பட்டை உள்ளவை. கீழே புல் எரிந்து போகும், மரம் கறுத்துப்போய் நிற்கும், மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். நெருப்புக்குப் பழகிய மரங்கள் அவை. நெருப்பே இல்லாவிட்டால் அந்த இடம் மெதுவாகக் காடாகிவிடும், இந்தப் புல்வெளியே மனிதர் வைத்த நெருப்பால் உண்டானதுதான் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இலங்கையில் காடு தானாகப் பற்றி எரிவது மிக அரிது. யாரோ வைக்க வேண்டும். பழைய புல்லை எரித்தால் புதுப்புல் முளைக்கும். புதுப்புல்லுக்கு மானும் மரையும் வரும், அது வேட்டைக்காரனின் கணக்கு. மாடும் மேயும், அது பட்டிக்காரனின் கணக்கு. நிலம் வெளித்தால் உதிர்ந்த கடுக்காயும் நெல்லியும் பொறுக்க லேசு, அது காய் பொறுக்குகிறவர்களின் கணக்கு. படகில் நாங்கள் சொன்ன பதில்கள் ஒன்றுமே முழுப் பிழையில்லை. முழுச் சரியும் இல்லை.

*

இப்போது எங்கள் பக்கம் வருவோம். அட்டாளைச்சேனை என்ற பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். அட்டாளை என்றால் காவல் பரண். யானையும் பன்றியும் பயிரை அழிக்காமல் இரவில் ஏறியிருந்து காவல் காக்கிற உயரப் பரண். சேனை என்றால் காட்டை வெட்டி, எரித்து, விதைக்கிற நிலம். கல்முனைக்குப் பக்கத்திலேயே சேனைக்குடியிருப்பு இருக்கிறது. வடக்கே போனால் வாழைச்சேனை. கடற்கரை ஊர்களின் பெயர்களில் எல்லாம் நெருப்பு ஒளிந்திருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தபடி தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் நாங்கள், ஒருநாளும் யோசித்ததில்லை.

சேனைச் செய்கை எப்படி நடந்தது என்று வீடுகளில் விசாரித்தோம். ஓர் உம்மம்மா கையை நீட்டி நீட்டி விளங்கப்படுத்தினார். கச்சான் தொடங்க முதல் காட்டை வெட்டிப் போட வேண்டும். கச்சான் அடிச்சி அடிச்சிக் காய வைக்கும். ஆவணி, புரட்டாதியில நெருப்பு வைக்க வேணும், முதல் மழை விழ விதைக்க வேணும். குரக்கன், சோளம், இறுங்கு, பயறு. சாம்பல்தான் பசளை. இரண்டு மூன்று வருசம் செய்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். காடு திரும்ப வளரும். ஆக, நாங்கள் தலையிடியென்று திட்டுகிற இதே காற்றை நம்பித்தான் ஒரு காலத்தில் எங்கள் சனங்களின் விதைப்பு இருந்தது. புகையில்லாத ஆவணி என்று ஒன்று அப்போது இருந்திருக்க வழியேயில்லை.

பிறகு சட்டம் வந்தது. பிரித்தானியர் 1840இல் கொண்டுவந்த 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத நிலம் எல்லாவற்றையும் முடிக்குரியது என்று அனுமானித்தது. சேனை நிலம் பல வருசத்துக்கு ஒருமுறைதான் பயிர் செய்யப்படும். இடைப்பட்ட வருசங்களில் அது காடு மாதிரித்தான் கிடக்கும். அது காடல்ல, ஓய்வெடுக்கிற வயல் என்று எந்த உறுதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கண்டி மாகாணங்களில் சன்னசு காட்டினால், அல்லது வழமையான வரி கட்டியதை நிரூபித்தால் தப்பலாம். மற்ற மாவட்டங்களில் சேனை நிலம் காடாகவோ தரிசாகவோதான் கொள்ளப்படும். கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது, கணக்கு விளங்கும். 1885இல் வனச் சட்டம் வந்தது, 1907இல் இன்னொன்று. ஒரு நூற்றாண்டுக்குள், நெருப்பு வைக்கிற விவசாயி நெருப்பு வைக்கிற குற்றவாளி ஆகிவிட்டான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. கலிபோர்னியாவில் 1850இல், அது மாநிலமான அதே வருசத்தில், புல்வெளிக்கு நெருப்பு வைத்தால் தண்டனை என்று பூர்வகுடிகளைக் குறித்த சட்டத்திலேயே எழுதினார்கள். கிளமத் ஆற்றங்கரையில் வாழும் காருக், யூரோக் மக்கள் தங்கள் பழைய சின்ன நெருப்புகளை மீண்டும் வைப்பதற்கு இப்போது அனுமதி கேட்டுப் போராடுகிறார்கள். காரணம், சின்ன நெருப்பைத் தடுத்து வைத்த காடுகளில் விறகு குவிந்து குவிந்து, இன்று பெருநெருப்பு வருகிறது. எங்களுக்குக் கிட்டத்திலும் உண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் ஆண்டின் தொடக்கத்தில் காய்ந்த சருகுக்கு மட்டும் மெல்லிய நெருப்பு வைப்பார்கள். 1974இல் அது சரணாலயமானது, நெருப்பு நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கு அதுதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் இதை வைத்து நில்கல நெருப்பையும் பாரம்பரிய அறிவு என்று தூக்கிப் பிடிக்க நாங்கள் தயாரில்லை. சேனைக்காரன் வைத்த நெருப்புக்கு எல்லை இருந்தது, அவன் அங்கேயே நின்றான், திரும்ப அந்த இடத்துக்கு வர அவனுக்குப் பத்து வருசம் எடுத்தது. வேட்டைக்காகப் புல்லில் தீக்குச்சியைத் தட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அந்த எல்லை ஒன்றும் இல்லை. ஒரே சரிவு வருசா வருசம் எரிந்தால் இளமரம் ஒன்றும் தலையெடுக்காது. வெறும் மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் மண் ஆற்றுக்குப் போகும், ஆற்றிலிருந்து குளத்துக்குப் போகும்.

அந்தக் குளம்தான் விசயமே.

*

கல்லோயாத் திட்டம் சுதந்திர இலங்கையின் முதல் பெரிய கனவு. 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. அமெரிக்காவின் டெனசி ஆற்றுப் பள்ளத்தாக்கு அதிகாரசபைதான் மாதிரி. அணையைக் கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம், ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்த அதே கம்பனி. 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலவில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு மறிக்கப்பட்டது. சுமார் 950 மில்லியன் கனமீற்றர் தண்ணீர் பிடிக்கும், நாட்டிலேயே மிகப் பெரிய நீர்த்தேக்கம் உருவானது. முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

1954 பெப்ரவரி 12 அன்று அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த 25,900 ஹெக்டேயர் காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. இந்த இடத்தில் நாங்கள் நின்று யோசித்தோம். யாலவும் வில்பத்தும் 1938இல் விலங்குகளுக்காகப் பூங்காவானவை. கல்லோயாவை அடைத்ததற்கு முதற்காரணம் யானையில்லை, தண்ணீர். குளத்துக்கு நீர் தருகிற காடு வெட்டப்படாமல், எரிக்கப்படாமல் இருந்தால்தான் குளம் தூராமல் இருக்கும். 1965 வரைக்கும் பூங்காவை நிர்வகித்தது வனசீவராசிகள் திணைக்களமே இல்லை, கல்லோயாச் சபைதான். அதாவது இந்தக் காட்டைக் காப்பது முழுக்க முழுக்கக் கீழே இருக்கிற வயல்களுக்காக. கீழே என்றால் எங்களுக்காக.

அல்லது, எங்களுக்காகவும்.

ஏனென்றால் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. வாய்க்காலின் தலைப்பில் வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடியேற்றவாசிகள். கடைசியில் சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து வட்டைகள், தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பழைய வேளாண்மை நிலங்கள். எங்கள் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆறு, வரைபடத்தில் கல்லோயா ஆனது. 1956 யூனில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், கல்லோயாக் குடியேற்றங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் 150 பேர் வரை இருக்கும் என்று மதிப்பிடுவார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உண்டாக்கப்பட்டது. பிறகு யுத்தம். மேற்கே வட்டைக்குப் போன விவசாயி திரும்பி வருவானா என்று வீடு காத்திருந்த காலம். காணியிருந்தும் போய்ச் செய்ய முடியாமல் விட்டவர்கள் எங்கள் எல்லாருடைய குடும்பத்திலும் உண்டு. எங்கள் தலைமுறைக்கு மேற்கு என்றால் பயம், அல்லது ஒன்றுமில்லாத வெற்றிடம். நாங்கள் யாரும் அந்தப் பூங்காவுக்குப் போகாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை.

அதற்கு முந்தின காலத்தில் மேற்கு எங்களுக்கு வெற்றிடமாக இருந்ததில்லை. போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்களில் வரும். அரசன் மலைக்கு அந்தப் பக்கம், சனங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், நடுவில் இந்தக் காடு. காட்டின் ஊடாகத் தவளம் போனது. உப்பும் கருவாடும் சுமந்த பொதிமாடுகள் மணி கட்டி வரிசையாக மலைக்கு ஏறின, பாக்கும் தானியமும் கொண்டு இறங்கின. சோனக வியாபாரிகள் வேடர்களிடம் துணியும் இரும்பும் உப்பும் கொடுத்துத் தேனும் மெழுகும் இறைச்சி வற்றலும் வாங்கினார்கள். இன்றைக்குப் பூங்காவின் விளிம்பில் ரத்துகல என்ற வேடர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எங்களுக்கு ஏதோ வேற்று நாடு மாதிரி இருந்தது. எங்கள் மூத்தவர்களின் மூத்தவர்களுக்கு அது வியாபாரத்துக்குப் போன பாதை.

ஒரு சின்னக் கதை, சொல்லாமல் விட மனமில்லை. 1908இல் சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்ற ஆங்கிலேயத் தம்பதி வேடர்களைப் பற்றி ஆராய நில்கல பக்கம் வந்தார்கள். 1911இல் புத்தகம் வெளியானது. அதில் தணிகல வேடர்களைக் கொஞ்சம் எரிச்சலோடு எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் பழைய கோலத்தில் வந்து நிற்பார்களாம். மற்ற நாளில் சாதாரணமாக உடுத்து, மாடு வளர்த்து, சேனை செய்து வாழ்ந்தார்களாம். எங்களுக்கு இதை வாசிக்கச் சிரிப்பு வந்தது. யார் யாரைப் பார்க்கப் போனார்கள், யார் காசு பார்த்தார்கள்? அந்தத் தணிகல மலைதான் அன்று புகைக்குப் பின்னால் எங்களுக்குத் தெரியாமல் போனது. அதன் அடிவாரத்துச் சேனைகளில் எத்தனை இப்போது தண்ணீருக்குள் கிடக்கின்றனவோ.

*

கடைவாய்க்கால் என்ற சொல்லை எங்கள் வாப்பாமார் சொல்லும்போது அதில் ஒரு கசப்பு இருக்கும். 1970களின் முடிவில் இடதுகரை வாய்க்கால்கள் இடிந்து, மதகுகள் உடைந்து, மேலே உள்ளவன் கண்டபடி திறக்க, கீழே உள்ளவனுக்கு வெறும் ஈரம்தான் மிஞ்சியது. அமெரிக்க உதவியோடு 1980ஐ ஒட்டி ஒரு புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹோஃப் அதில் இருந்தார். அந்தத் திட்டத்தில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை ஊர்களுக்கு அனுப்பினார்கள், அதிகாரிகளாக இல்லை, விவசாயிகளைக் கூட்டிப் பேச வைக்கிற ஆட்களாக. 1981இல் அவர்கள் வேலை தொடங்கியபோது குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. சண்டை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. மேலே இருந்த விவசாயிகள் தங்கள் வாய்க்கால்களைத் தாங்களே துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். அப்ஹோஃப் 1992இல் எழுதிய கல்லோயாப் புத்தகத்தின் மையமே இந்த வியப்புத்தான்.

எங்களுக்கும் வியப்புத்தான். வேனுக்குள் அந்த 'அவங்கள்' என்று பேசியபோது இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் கல்லோயா என்றால் நீர்ப்பாசனத் திட்டம் என்று ஒரு வரி. எங்கள் அரசியல் மேடைகளில் கல்லோயா என்றால் குடியேற்றம் என்று ஒரு வரி. இரண்டும் உண்மை. 1981இல் யாரோ ஒரு சிங்கள விவசாயி தன் மதகை மூடிவிட்டு எங்கள் மூத்தவாப்பாவுக்குத் தண்ணீர் விட்டது எந்த வரியிலும் இல்லை.

*

யானை பார்த்தோமா என்று கேட்பீர்கள். குருலு தூவ என்ற பறவைத் தீவைச் சுற்றி வந்தோம், நீர்க்காகங்கள் பட்டமரக் கொப்புகளில் சிறகை விரித்துக்கொண்டு நின்றன. இஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்தோம். புகைக்குள் முதலில் சத்தம்தான் வந்தது, யாரோ குழாயால் மூச்சு விடுகிற மாதிரி. பிறகு தண்ணீருக்கு மேலே ஒரு தும்பிக்கை நுனி, அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு மண்டை. பிறகு இன்னொன்று, சின்னது. ஒரு நிமிசம் இருக்கும். புகைக்குள்ளிருந்து வந்து புகைக்குள்ளேயே போய்விட்டன. படம் எடுத்தவர்களின் போனில் சாம்பல் நிறம் மட்டும்தான் இருக்கிறது.

அந்த யானைகளைப் பற்றி நினைத்தால் இன்னொரு இடம் நினைவுக்கு வருகிறது. எங்கள் கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேர்கிற பள்ளக்காடு. 2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு உலகச் செய்தியானது. எட்டு வருசத்தில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்ரிக் தின்று செத்திருந்தன. சொப்பிங் பேக்கை மென்றபடி நிற்கிற யானையின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேக் சாய்ந்தமருதுக் கடையினதா, நிந்தவூர்க் கடையினதா, தெரியாது. தணிகலக்காரனுடையது இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். குப்பை வண்டி வராத நாளில் பின்வளவில் குவித்துப் பற்றவைக்கிறோமே, அந்தப் பிளாஸ்ரிக் புகையை எந்தக் கச்சான் கொண்டுவந்தது?

புகைக்கு எல்லை தெரியாது என்பதை மார்கழியிலும் பார்த்துவிட்டோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது இந்தியாவின் அழுக்குக் காற்று இலங்கைக்குள் இழுபட்டு வந்தது, டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அடுத்த வருசம் யூனில் கனடாக் காடுகள் எரிந்து நியூயோர்க் வானம் செம்மஞ்சள் ஆனது, அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம். எங்கள் சொந்த ஆற்றின் தலைப்பகுதி வருசா வருசம் எரிவதை ஒருவரும் பகிர்ந்ததில்லை. சட்டம் போட்டு, பூங்காவாக்கி எழுபது வருசத்துக்கு மேலாயிற்று, நெருப்பு நிற்கவில்லை. ரத்துகலக்காரர், மாட்டுக்காரர், காய் பொறுக்குகிறவர்கள், சம்மாந்துறை விவசாயி எல்லாரையும் ஒரே இடத்தில் இருத்தி, எப்போது எரிக்கலாம், எங்கே எரிக்கக் கூடாது என்று பேச வைத்தால் என்ன? 1981இல் தண்ணீருக்கு அதைச் செய்ய முடிந்திருக்கிறது. நெருப்புக்கு ஏன் முடியாது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது அசர் கழிந்திருந்தது. எல்லாருடைய உடுப்பிலும் புகை நாற்றம். அம்பாறை தாண்டியதும் வானம் கொஞ்சம் வெளித்தது, முகக்கவசக்காரி கவசத்தைக் கழற்றிவிட்டு யன்னலைத் திறந்தாள். மல்வத்தையும் போய், சம்மாந்துறை வட்டைக்கு வந்தபோது திரும்பவும் புகை. இது வெள்ளையாக, கிட்டத்தில், நிலத்தோடு படுத்துக் கிடந்தது. வெட்டுமெசின் வெட்டிவிட்டுப் போன கண்டம் ஒன்றில் வைக்கோலைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். கச்சான் அதைத் தூக்கி நேரே கிழக்கே, வீடுகளின் பக்கம் கொண்டுபோனது. வேன் மெதுவாகப் போனது. யன்னலோரம் இருந்தவன் எட்டிப் பார்த்தான், பிறகு ஒன்றும் பேசாமல் யன்னலை மூடினான். அது அவன் வாப்பாவின் காணி.